மேட்டில் குத்திய சூலம்

ஒரு வீட்டை அளந்து பார்த்து, இதில் பேய் இல்லை என்று சொல்லிவிட்டுப் போ என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டவன் என் சொந்தத் தம்பி குகன்.

“அக்கா, நீ பழைய வீடுகளோடையே கிடக்கிறனி. நீ வந்து பாத்து ஒண்டுமில்லை எண்டு சொன்னால் மாலதி நம்புவாள். நான் சொன்னால் காதிலை விழுத்திறாளில்லை,” என்று ஒஸ்லோவில் இருந்து தொலைபேசியில் மன்றாடினான்.

ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னித் தீவுகளில் பழைய பண்ணை மனைகளை அளந்து வரைபடம் போடுவது என் தொழில். சுவர் எப்போது கட்டியது, எந்தக் கதவை எப்போது அடைத்தார்கள், கூரை எத்தனை முறை மாறியது என்று கல்லைப் பார்த்துச் சொல்லுவேன். பேய் பார்ப்பது என் தொழிலில் இல்லை. ஆனால் தம்பியின் குடும்பம் இரண்டாகிக் கிடந்தது. ஒஸ்லோவின் கிழக்கு ஓரத்தில் எல்லிங்ஸ்ருட்டில் அடுக்குமாடி வீட்டில் இருந்தவன், காணி ஆசை விடாமல், அதற்கும் அப்பால் காடு தொடங்குகிற இடத்தில் ஒரு பழைய பண்ணையைக் கோடையில் வாங்கினான். ஆவணியில் பால் காய்ச்சிக் குடிபுகுந்தார்கள். ஐப்பசியில் அவன் மனைவி மாலதி மகளையும் கூட்டிக்கொண்டு, நகரின் தெற்கே ஹவுகெட்டோவில் இருக்கும் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த வீட்டில் இன்னொருவர் இருக்கிறார், இனித் திரும்ப மாட்டேன் என்பது அவள் பேச்சு. பண்ணையை விற்க மாட்டேன் என்பது இவன் பிடிவாதம்.

ஒஸ்லோ வந்து இறங்கிய நான் நேரே பண்ணைக்குப் போகவில்லை. நோயாளியைக் கேட்காமல் மருந்து சொல்லக் கூடாது என்று முதலில் ஹவுகெட்டோவுக்குப் புறப்பட்டேன். அன்று பார்த்து ரயில் பாதையில் ஏதோ திருத்த வேலை. ரயிலுக்குப் பதிலாகப் பேருந்தில் ஏற்றினார்கள். வெளியே பால் நிறத்தில் மூடுபனி. மாலை நான்கு மணிக்கே விளக்கு வைக்கிற இருட்டு. பக்கத்து இருக்கையில் இருந்த இளைஞன் நான் குகனோடு தொலைபேசியில் பேசியதை முழுக்கக் கேட்டுவிட்டு, “மேடம், நீங்க மலையாளமா?” என்றான்.

“இல்லை, தமிழ்தான். உமக்கு எந்த ஊர்?” என்றேன்.

“கோயம்புத்தூருங்க. சாரி மேடம், ஸ்பீடா பேசினீங்களா, எனக்குப் பாதிதான் புரிஞ்சுது.”

மீதிப் பாதியையும் விளங்கப்படுத்தத் தொடங்கியதில் இருவருக்கும் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. அடுத்த தரிப்பிடத்தில் இருவரும் இறங்கி வந்த வழியே நடந்தோம். தெருவின் இரு பக்கமும் மர வீடுகள். திரைச்சீலை இல்லாத சன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு எரிந்தது. எந்தச் சன்னலிலும் ஆள் தலை தெரியவில்லை. அவன் சன்னல்களைப் பார்த்துக்கொண்டே நடந்தான். பிறகு, “வந்து மூணு வருஷம் ஆச்சுங்க. இந்த லைட்டெல்லாம் யாருக்குப் போட்டு வைக்கிறாங்கன்னு மட்டும் இன்னும் தெரியல,” என்றான். எனக்கும் தெரியவில்லை. நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டோம்.

மாலதி பிட்டும் சொதியும் கருவாட்டுப் பொரியலும் வைத்துக் காத்திருந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். சாகக் கிடப்பவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருப்பது அவளுக்குச் சம்பளத்துக்கான வேலை. அப்படிப்பட்டவள் பயந்து ஓடினாள் என்று குகன் சொன்னபோதே எனக்கு எங்கோ உதைத்தது.

“என்ன நடந்தது, ஒளிக்காமல் சொல்லும்,” என்றேன்.

“மச்சாள், அங்கை சமையலறைக்குப் பக்கத்திலை சுவரோடை ஒரு அலுமாரிக் கட்டில் கிடக்கு. கதவு வைச்ச கட்டில். ஒருத்தரும் அதிலை படுக்கிறேல்லை. நான் மெத்தையைத் தட்டி, விரிப்பை இழுத்து நேராக்கிப் போட்டுக் கதவைச் சாத்துவன். பிறகு திறந்தால் நடுவிலை குழிஞ்சு கிடக்கும். ஆரோ இருந்திட்டு எழும்பின மாதிரி.”

“ஒவ்வொரு நாளுமோ?”

“ஓம். ஒவ்வொரு நாளும்.”

“பயந்திட்டீர்.”

அவள் என் தட்டில் இன்னொரு அகப்பை சொதியை விட்டாள். “பயமில்லை மச்சாள். வெக்கமாக் கிடக்கு. ஆரின்ரையோ வீட்டுக்கை கேக்காமல் பூந்து படுத்த மாதிரி. அதுதான் வந்திட்டன்.”

மறுநாள் குகன் காரில் வந்து என்னைப் பண்ணைக்கு அழைத்துப் போனான். வழியெல்லாம் அவன் வயரிங் மாற்றிய கதை. மின்சார வேலைக்காரன். வீட்டில் எது சத்தம் போட்டாலும் கம்பியில்தான் பிழை என்று நம்புகிறவன். காட்டோரத்தில் கார் திரும்பியதும் பண்ணை தெரிந்தது. காரை நிறுத்து என்றேன். ஆசையிலா, வேறு எதனாலா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

நான் இரண்டு வருடமாக அளந்துகொண்டிருக்கும் ஓர்க்னிப் பண்ணையில் எல்லாம் ஒரே வரிசை. மேட்டுப் பக்கம் மனிதர் வீடு, அதை ஒட்டி மாட்டுத் தொழுவம், அடுத்துக் களஞ்சியம், கடைசியில் தானியம் காயவைக்கிற வட்டமான கல் சூளை. மாடுகள் பள்ளத்தில் நிற்பதால் மூத்திரம் மனிதர் பக்கம் வராது. மரமே இல்லாத தீவு என்பதால் சுவர், கூரை, தட்டு எல்லாம் பலகைக் கல். கட்டில்கூடச் சுவருக்குள் குடைந்த கல் மாடம்தான். கட்டியவர்களின் முன்னோர் நோர்வேயில் இருந்து போனவர்கள். அந்தத் தீவுகளே ஒரு காலத்தில் நோர்வே அரசனுடையவை. மகளின் சீதனத்துக்கு ஈடாக ஸ்கொட்லாந்திடம் வைத்தான், மீட்கவில்லை. யாழ்ப்பாணத்தாருக்கு இந்த வரலாற்றை இரண்டாம் தரம் சொல்லத் தேவையில்லை.

குகனின் பண்ணையில் கட்டடங்கள் தனித்தனியாக ஒரு முற்றத்தைச் சுற்றி நின்றன. நம் நாற்சார் வீட்டைப் பிரித்து நாலு பக்கமும் தள்ளிவைத்தால் இப்படி இருக்கும். முழு மரங்களைக் கிடத்தி, மூலையில் வெட்டிக் கோத்து, இடுக்கில் பாசி அடைத்த சுவர்கள். எலி ஏறாதபடி கல் கால்களின் மேல் தூக்கி வைத்த தானிய வீடு. வைக்கோல் வண்டி நேரே மேல்தளத்துக்கு ஏறுவதற்குப் பாலம் வைத்த களஞ்சியம். வீட்டு வாசல் என் நெஞ்சு உயரம்தான், வாசற்படியோ முழங்கால் உயரம். யாராக இருந்தாலும் தலையைக் குனிந்து காலைத் தூக்கித்தான் உள்ளே போக வேண்டும். பகைவன் குனியும்போது கழுத்தில் ஒரு வெட்டுப் போடலாம் என்று ஓர்க்னியில் சொல்லுவார்கள். நானும் குனிந்தேன். கழுத்து கூசியது.

அளவு நாடாவை எடுத்தவுடன் எனக்குத் துணிவு வந்துவிட்டது. குகன் சொன்ன சத்தங்களுக்கெல்லாம் காரணம் கண்டேன். பழைய மரம் குளிருக்குச் சுருங்கும்போது வெடிக்கும். அடுப்பு மூட்டினால் காற்று இழுத்துக் கதவுத் தாழ்ப்பாள் தானாகக் கிளம்பும். மேல்தளத்தில் நடக்கிற சத்தம் பலகை காய்கிற சத்தம். “பாத்தியோ, நான் சொன்னனான்!” என்று அவன் என் பின்னால் துள்ளினான்.

கடைசியாக அலுமாரிக் கட்டில். நீளம் குறைவு, குகனுக்கே கால் நீட்ட முடியாது. அந்தக் காலத்தில் தலையணைகளை அடுக்கி, பாதி உட்கார்ந்தபடி தூங்குவார்கள். நேராக நீட்டிப் படுப்பது பிணம் என்பது நம்பிக்கை. மெத்தை நடுவில் குழிந்துதான் கிடந்தது. இறகு மெத்தை, ஈரம் குடித்தால் தானாக அமுங்கும். நானே இரண்டு கையாலும் தட்டி, விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டேன். கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனோம். குகன் ஆட்டிறைச்சியும் முட்டைக்கோசும் மிளகும் மட்டும் போட்டு அவித்த அந்த ஊர்க் கறியைச் சமைத்திருந்தான். அவன் கையால் கொத்தமல்லித் தூள் சேர்ந்ததால் தொண்டையில் இறங்கியது.

சாப்பிட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தேன். நடுவில் குழி.

ஈரம்தான், ஈரம்தான் என்று சொல்லிக்கொண்டே உள்ளங்கையைக் குழியில் வைத்தேன். சூடாக இருந்தது. பிள்ளை எழுந்துபோன பாயில் இருக்கிற சூடு. அடுப்பு வீட்டின் மற்றப் பக்கத்தில் இருக்கிறது. இந்தச் சுவருக்கு அப்பால் வெளிக் குளிர்தான். என் கை தானாக விலகியது. குகனிடம் ஒன்றும் சொல்லாமல், வெளிப்பக்கமும் அளக்க வேண்டும் என்று கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். பயந்துவிட்டேன் என்பதை இங்கே மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

களஞ்சியத்தைத் தாண்டி, வீட்டு வாசலுக்கு நேரே, புல் மூடிய ஒரு வட்ட மேடு. மேட்டின் உச்சியில், என் இடுப்பு உயரத்துக்கு, கறுப்பு வர்ணம் அடித்த இரும்புச் சூலம்.

“இதென்னடா?”

“வைரவர்,” என்றான் பெருமையாக. ஊரில் வீட்டுக் காணிக்குக் காவலாக ஒரு சூலத்தை நட்டு, அதையே வைரவர் என்று கும்பிடுவோம். “வளவெண்டால் ஒரு வைரவர் வேணும்தானே அக்கா? திராமன் எண்ட ஊரிலை இரும்பு வேலை செய்யிற கூட்டாளியைக் கொண்டு செய்விச்சது. குடிபூரல் அண்டைக்குத்தான் நட்டனாங்கள். வளவிலை உயரமான இடம் இதுதான். மூண்டு பேர் சேந்து சுத்தியலாலை அடிச்சு இறக்கினது.”

“அட மடையா! இது வெறும் மண் மேடில்லையடா, சமாதி. காடு வெட்டி இந்தப் பண்ணையை முதல் உண்டாக்கின ஆளை அவரின்ரை காணியிலையே வைச்சு மண் போட்டு மூடியிருக்கினம். இதிலை ஒரு மண்வெட்டி வைக்கக்கூட இந்த நாட்டுச் சட்டம் விடாது. நீ ஆப்பு அடிச்சிருக்கிறாய்!”

குகன் முகம் வெளிறியது. ஆனாலும் யாழ்ப்பாணத்தான். “ஆர் எனக்குச் சொன்னது? பலகை ஒண்டும் போட்டு வைக்கேல்லையே,” என்றான்.

அந்த நேரம் பக்கத்துப் பண்ணைக்காரி இங்குன் கம்பளிச் சட்டையோடு வேலியைக் கடந்து வந்தாள். ஆடு வளர்க்கிறவள், அறுபது வயதிருக்கும். ஓர்க்னியில் இருந்து ஒருத்தி வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்தாளாம். எங்களைத் தன் சமையலறைக்குக் கூட்டிப்போய்ப் புளித்த பாலாடையில் காய்ச்சிய கூழைத் தட்டில் ஊற்றி, மேலே நெய் மிதக்க, சீனியும் கறுவாப் பட்டைத் தூளும் தூவித் தந்தாள். பொங்கலுக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம்.

“என் மாமியார் இந்தக் கூழில் ஒரு கிண்ணம் அந்த மேட்டுக்கு வைப்பாள். நான் வைப்பதில்லை. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை,” என்றாள் இங்குன். ஆங்கிலத்தில்தான் பேசினாள். சொல்லிவிட்டு நெடுநேரம் கரண்டியால் கூழைக் கிளறினாள். “ஆனால் உன் தம்பி அந்த இரும்பை அடித்தபோது நான் வேலியருகில் நின்றேன். நிறுத்து என்று சொல்ல வாய் வரை வந்தது. வேறு நாட்டுக்காரரின் வழிபாடு, நான் எப்படிச் சொல்வது?”

“ஏன் நிறுத்த வேண்டும்?” என்று கேட்டேன்.

“மேட்டில் இரும்பு வைத்தால் அது பூட்டிவிடும் என்பார்கள். உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது.”

“அப்படியென்றால் நல்லதுதானே? எங்கள் தீவில் மாற்றிச் சொல்கிறார்கள். மேட்டின் வாசலில் இரும்பு குத்தினால் கதவு மூடாதாம்.”

“உள்ளே இருந்தால் நல்லதுதான்,” என்றாள் இங்குன். “அன்றைக்கு உங்கள் வீட்டில் மேளம், பாட்டு, நூறு பேர், சாப்பாடு. இந்தப் பண்ணையில் அப்படி ஒரு விருந்து நான் கண்டதே இல்லை. விருந்து நடக்கும்போது வீட்டுக்காரர் உள்ளேயா இருப்பார்? பார்க்க வெளியே வந்திருப்பார். பிறகு எப்படித் திரும்பிப் போவார்?”

குகன் கரண்டியைக் கீழே வைத்தான். எனக்கு உள்ளங்கையில் அந்தச் சூடு திரும்ப வந்தது.

திரும்பி வரும்போது, “பிடுங்கிவிடு,” என்றேன்.

“விளையாட்டில்லை அக்கா. பூசை செய்து, தேங்காய் உடைச்சு வைச்ச வைரவர். பிடுங்கினால் குடும்பம் தழைக்குமோ?”

“இப்ப தழைச்சோ கிடக்கு?”

பிடுங்க அவனுக்குக் கை போகவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் போகவில்லை. ஓர்க்னிக்காரர் சொல்வது சரியென்றால் திறந்த கதவை மூடுகிறோம். இங்குன் சொல்வது சரியென்றால் பூட்டிய கதவைத் திறக்கிறோம். அம்மா சொல்லித் தந்தது சரியென்றால் வைரவரின் கோபத்துக்கு ஆளாகிறோம். மூன்றில் எதையும் அளவு நாடாவால் அளக்க முடியாது. நான் மாலதியைத் தொலைபேசியில் அழைத்தேன். ஒன்றுமில்லை, ஈரம்தான் என்று சொல்லத்தான் என்னை வரவழைத்தார்கள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். கட்டிலின் சூட்டையும், மேட்டையும், இங்குன் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்துவிட்டேன்.

“நாளைக்கு வாறன்,” என்றாள்.

மறுநாள் மத்தியானம் மாலதி பால் செம்போடு வந்து இறங்கினாள். மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாளாம். வீட்டுக்குள் போகவில்லை. நேரே மேட்டடிக்குப் போனாள். நாங்கள் வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினோம். புல் முழுக்க உறைபனி வெள்ளையாக நின்றது.

“மாலதி, வைரவரை…” என்று குகன் தொடங்கினான்.

“வைரவர் ஆர்? காவல்காரன். காவல்காரன் வாசலிலைதான் நிக்க வேணும். ஆரின்ரையோ தலையிலை ஏறி நிக்கக் கூடாது. தெருப் படலையடியிலை கொண்டுபோய் நடுவம், அவர் கோவிக்க மாட்டார்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “மச்சாள், எங்கட அப்பாவின்ரை வீடு சண்டைக் காலத்திலை ஆமியின்ரை கம்பி வேலிக்குள்ளை போனது உங்களுக்குத் தெரியும்தானே. வேறை ஆக்கள் வந்து இருந்தினம். அப்பா சாகுமட்டும் ஒவ்வொரு நாளும் சைக்கிளிலை போய் வேலிக்கு இங்காலை நிண்டு பாத்திட்டு வருவார். கிணத்தடி மாமரம் மட்டும் தெரியுமாம். இவர் இரும்பை நட்ட அண்டைக்கே எனக்கு நெஞ்சுக்கை என்னவோ செய்தது. என்னெண்டு அப்ப விளங்கேல்லை.”

குகன் மேட்டில் இருந்து ஓரடி பின்வாங்கினான்.

மாலதி செம்புப் பாலை மேட்டில் சுற்றிவர ஊற்றினாள். “ஐயா, தெரியாமல் செய்துபோட்டம். இது உங்கட வளவு. நாங்கள் வந்த ஆக்கள்,” என்று, முதியோர் இல்லத்தில் படுக்கையருகே பேசுகிற அதே குரலில் சொன்னாள். இரண்டு கையாலும் சூலத்தைப் பிடித்தாள். நிலம் கல்லாக உறைந்திருந்தது. மூன்று ஆண்கள் சுத்தியலால் அடித்து இறக்கியது. ஒரே இழுவையில் சத்தமில்லாமல் வந்தது.

எங்கள் பின்னால் வீட்டுக் கதவு திறந்தது. தாழ்ப்பாள் கிளம்பிய சத்தத்தை மூவரும் கேட்டோம். அன்றைக்கு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, காற்றும் இல்லை. திரும்பிப் பார்த்தோம். குட்டையான வாசல் இருட்டாக இருந்தது. ஒருவரும் வெளியே வரவில்லை.

மாலதி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். “வழி விடுங்கோ மச்சாள்.”

நான் ஒதுங்கினேன். குகனும் ஒதுங்கினான். முற்றத்துப் புல்லில் உறைபனி அப்படியே இருந்தது, ஒரு புல்லும் வளையவில்லை. காட்டில் ஏதோ பறவை கத்தி நின்றது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. என் இடது கன்னத்தில் மட்டும் கொஞ்ச நேரம் குளிர் தெரியவில்லை. அவ்வளவுதான் நான் சாட்சி சொல்லக்கூடியது.

அன்றிரவு மகளைத் தமக்கையிடம் விட்டு மாலதி அங்கேயே தங்கினாள். குகன் இருட்டுமுன் சூலத்தைப் படலையடியில் நட்டு, தனியே நின்று கற்பூரம் கொளுத்தினான். நாங்கள் மூவரும் நன்றாகத் தூங்கினோம். மரம் வெடித்தது, பலகை காய்ந்தது, அவை வெறும் மரமும் பலகையும்தான்.

காலையில் நான் பெட்டியை அடுக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தபோது மாலதி அலுமாரிக் கட்டிலின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். விரிப்பு அவள் இழுத்துவிட்டபடி ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது. அவள் கையை வைத்துப் பார்த்தாள். நானும் வைத்தேன். குளிர்ந்து கிடந்தது.

“போயிட்டார்,” என்றாள். சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். முகத்தைத் துடைக்கவில்லை.

“மச்சாள், எங்கட வீட்டிலை இருந்த ஆக்களும் விடிய எழும்பி, கட்டில் குழிஞ்சு கிடக்கிறதைப் பாத்திருப்பினமோ?”

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அப்பா செத்தாப் பிறகெண்டாலும் உள்ளுக்கை போயிருப்பார்தானே?”

“ஓம் மாலதி,” என்றேன். “போயிருப்பார்.”